ஊர்ப் பெயரும் ஒரு முதல்தான்

மண்டியில் மூட்டை இறங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர்ச் சரக்கு?" என்பதுதான். விலையை அதற்குப் பிறகுதான் கேட்கிறோம். மஞ்சளானாலும் மிளகாயானாலும் பருப்பானாலும், ஊர்ப் பெயர் தெரிந்த பிறகே கை உள்ளே போய் ஒரு பிடி அள்ளுகிறது. ஊர்ப் பெயருக்கு விலை உண்டு என்பதை வணிகனுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர் யாருடைய சொத்து, அதைக் காப்பது யாருடைய கடமை, அது கெட்டால் நட்டம் யாருக்கு என்ற கேள்விகளை நாம் போதிய அளவு கேட்டுக்கொள்வதில்லை. இந்தக் கேள்விகளுக்கு இரத்தம் சிந்தி விடை கண்ட ஒரு வட்டாரம் உண்டு. அது பிரான்சின் தென்கோடியில் உள்ள லாங்கெடாக். அங்குள்ள சரக்கு, ஒயின்.

மளிகைக்காரர்கள் படிக்கும் இதழில் ஒயினுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடிக்கச் சொல்லவும் இல்லை, விற்கச் சொல்லவும் இல்லை. கலப்படத்தால் ஒரு வட்டார வியாபாரமே கவிழ்ந்து, பிறகு நாணயத்தால் தலை நிமிர்ந்த கதை இது. சரக்கு எதுவானாலும் பாடம் ஒன்றுதான்.

லிட்டர் கணக்கில் விற்ற காலம்

மத்தியதரைக் கடலோரம், ரோன் ஆற்றுக்கும் பிரெனே மலைக்கும் இடையே கிடப்பது லாங்கெடாக். வெயிலும் காற்றும் மிகுந்த வறண்ட பூமி. 1850-களில் இரயில் பாதை வந்து பாரிசோடும் வடக்குத் தொழில் நகரங்களோடும் இப்பகுதியை இணைத்தது. அங்கே சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்கு மலிவான ஒயின் வேண்டியிருந்தது. லாங்கெடாக் விவசாயிகள் மேட்டு நிலத்தை விட்டு இறங்கி, சமவெளியில் அதிக விளைச்சல் தரும் திராட்சையைப் பயிரிட்டார்கள். தரத்தை எவரும் கேட்கவில்லை. லிட்டர் கணக்கில் விற்றது, பணம் வந்தது.

1860-களில் ஃபிலோக்செரா என்ற சிறு பூச்சி வந்தது. வேரை உறிஞ்சிக் கொடியைச் சாகடிக்கும் பூச்சி. தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயின. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டினால் பூச்சியைத் தாங்கும் என்று கண்டறிந்து தோட்டங்களை மீட்பதற்கு ஆண்டுகள் பல ஆயின. அந்தப் பஞ்ச காலத்தில்தான் குறுக்கு வழி பிறந்தது. உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்க விட்டார்கள். ஒருமுறை பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றி மறுபடியும் 'ஒயின்' எடுத்தார்கள். சரக்கில்லாத காலத்தில் வாடிக்கையாளரும் இதைப் பொறுத்துக்கொண்டார்.

கொடிகள் மீண்டு வந்தபோது போலிச் சரக்கு விடைபெற்றுப் போகவில்லை. 1903-இல் சர்க்கரை வரியைக் குறைத்ததும் போலி இன்னும் மலிவானது. அல்ஜீரியாவிலிருந்தும் ஒயின் கப்பல் கப்பலாக வந்தது. உள்ளூர் விளைச்சலும் பெருகியது. நல்ல ஒயினின் விலை சாகுபடிச் செலவுக்கும் கீழே விழுந்தது. பீப்பாய்கள் நிரம்பிக் கிடக்க, வீட்டில் அடுப்பு எரியவில்லை. கள்ளச் சரக்கு சந்தையில் நுழைந்தால் முதலில் விழுவது நல்ல சரக்கின் விலைதான். நாணயமாக விற்பவன், நாணயமில்லாதவனோடு விலையில் போட்டி போட முடியாமல் ஒடிகிறான். இது நாம் கண்ணால் காணாததா?

1907

1907 மார்ச் 11 அன்று ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் கிளம்பினார்கள். நாடாளுமன்ற விசாரணைக் குழு நார்பொன் நகருக்கு வந்திருந்தது. அதனிடம் முறையிடவே அந்தப் பயணம். தலைமை தாங்கியவர் மார்செலின் ஆல்பெர். சிறிய திராட்சைத் தோட்டமும் ஊரில் ஒரு காபிக்கடையும் வைத்திருந்தவர். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஊரில் கூட்டம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரியது. ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் இலவசமோ மானியமோ கேட்டு வரவில்லை. 'இயற்கை ஒயின் வாழ்க, கலப்படக்காரர் ஒழிக' என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம்.

பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். மக்களுக்குத் துணை நின்று பதவி விலகிய நார்பொன் மேயர் ஃபெரூல் கைது செய்யப்பட்டார். ஜூன் 19, 20 ஆகிய இரு நாளும் நார்பொனில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 6 பேர் மாண்டார்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளே மிகுந்திருந்த 17-ஆம் காலாட்படைப் பிரிவினர் தம் மக்கள் பக்கம் நின்று கிளர்ந்தெழுந்தார்கள்.

ஜூன் 29 அன்று சட்டம் வந்தது. விளைச்சல் எவ்வளவு என்று ஒவ்வொரு விவசாயியும் அறிவிக்க வேண்டும். ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி. மொத்தமாகச் சர்க்கரை விற்கும் வியாபாரியும் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியை நம் மளிகை அன்பர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். கலப்படம் செய்தவன் வேறொருவன். ஆனால் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரி முன் நிற்க வேண்டிய நிலை, தன் போக்கில் சர்க்கரை விற்றுக்கொண்டிருந்த நேர்மையான வணிகனுக்கும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், புதிய திராட்சையையோ அதன் சாற்றையோ புளிக்க வைத்ததைத் தவிர வேறெதையும் ஒயின் என்று விற்கலாகாது என்று ஆணை பிறந்தது.

மார்செலின் ஆல்பெர் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். அவர் பாரிசுக்குப் போய்க் கிளெமான்சோவைச் சந்தித்தார். ஊர் திரும்ப இரயில் செலவுக்கென்று பிரதமர் கொடுத்த 100 பிராங்கு நோட்டை வாங்கிக்கொண்டார். செய்தி பரவியது. இலட்சக்கணக்கானோர் தோளில் தூக்கிய மனிதரை அவர் ஊராரே சந்தேகித்தார்கள். பெயரைச் சம்பாதிக்க மூன்று மாதம், இழக்க ஒரு நோட்டு!

இடைத்தரகர் மீது விழுந்த பழி

இந்தக் கதையில் நாம் கவலையோடு படிக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. கலப்படம் செய்தவர்களில் விளைவித்தவரும் இருந்தார்கள், வியாபாரிகளும் இருந்தார்கள். பழி முழுதும் வியாபாரி தலையில் விழுந்தது. மரோசான் என்ற ஊரில் 1901-லேயே சிறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, இடையில் வணிகர் எவருமின்றிப் பாரிஸ் பகுதி நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேரே பீப்பாய் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 1907-க்குப் பின் ஊருக்கு ஊர் கூட்டுறவு ஒயின் கூடங்கள் எழுந்தன. இன்றும் லாங்கெடாக் ஒயினில் பெரும்பங்கு அந்தக் கூடங்களிலிருந்தே வருகிறது.

விவசாயி நேரே விற்பது தவறென்று நாம் சொல்லவில்லை. அது அவர் உரிமை. ஆனால் வணிகன் மீது நம்பிக்கை போனால் உலகம் அவனைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடும் என்பதை மறக்கக் கூடாது. நாலு பேர் செய்த கலப்படத்துக்கு நானூறு பேர் வியாபாரம் இழந்தார்கள். 'அவன் செய்கிறான், நமக்கென்ன' என்று பக்கத்துக் கடையைப் பார்த்து வாய் மூடியிருப்பது பெருந்தன்மை ஆகாது. நம் கல்லாவில் நாமே ஓட்டை போட்டுக்கொள்வதாகும்.

ஊரும் உணவும்

கலப்படத்தைத் தடுத்தால் மட்டும் நல்ல விலை வந்துவிடுமா? வராது. போலியில்லை என்பது அடிப்படை. அதற்கு மேல் வாங்குபவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை ஊர்ப் பெயரும் உணவும் சேர்ந்து கொடுத்தன.

1935-இல் பிரான்சு ஊர்ப் பெயர்களுக்குச் சட்டக் காப்பு அளிக்கும் முறையை நிறுவியது. எந்த எல்லைக்குள் விளைந்தது, எந்த வகைத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் வரை அனுமதி, எப்படிச் செய்தது என்று விதி வகுத்து, அதற்கு உட்பட்ட சரக்குக்கு மட்டுமே ஊர்ப் பெயர் என்றார்கள். லாங்கெடாக் சிவப்பு ஒயின்களில் ஃபித்தூ 1948-இல் இந்தத் தகுதியைப் பெற்றது. கொர்பியேரும் மினெர்வுவாவும் 1985 வரை காத்திருந்தன. 'மலிவுச் சரக்கு' என்று ஒருமுறை விழுந்த பெயரைத் துடைக்க இரண்டு தலைமுறை பிடித்தது.

கொர்பியேர் என்பது குன்றும் பாறையுமான நாடு. தைம், ரோஸ்மேரி போன்ற வாசனைச் செடிகள் தாமாக முளைக்கும் புதர்க்காடு. காரிஞான், கிரனாஷ், சிரா, மூர்வேத்ர் ஆகிய திராட்சைகளைக் கலந்து செய்யும் அடர்ந்த சிவப்பு ஒயின் அவ்வூர்ச் சரக்கு. சமவெளியில் கண்டபடி விளைந்தபோது ஏளனம் செய்யப்பட்ட அதே காரிஞான், குன்றுச் சரிவில் வயதான கொடியில் குறைவாகக் காய்க்கும்போது மதிப்பான சரக்காகிறது. விதை ஒன்றானாலும் மண்ணும் அளவும் மாறினால் தரம் மாறும்.

இந்த ஒயினுக்குப் பொருத்தமான உணவு கசூலே. கஸ்தெல்னோதரி, கர்க்கசோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் 'எங்களுடையதே அசல்' என்று இன்றும் வழக்காடும் பண்டம் அது. வெள்ளைப் பீன்சு, பன்றி இறைச்சி, மசால் திணித்த இறைச்சிக் குழல், தன் கொழுப்பிலேயே வெந்த வாத்து எல்லாவற்றையும் 'கசோல்' என்னும் மண்சட்டியில் இட்டு, மேலே ஆடை கட்டும்வரை மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். சட்டியின் பெயரே பண்டத்துக்கும் ஆயிற்று. கொழுப்பு மிகுந்த இந்த உணவு நாக்கில் படிந்து திகட்டும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு அந்தப் படிவை வழித்தெடுக்கும். அந்தத் துவர்ப்பும் கொழுப்போடும் புரதத்தோடும் சேர்ந்து மென்மையாகும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. நெய்ப் பலகாரத்துக்குப் பின் வெற்றிலைப் பாக்கின் துவர்ப்பைத் தேடும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

கடலோரம் வந்தால் வேறு சேர்க்கை. செத் துறைமுகத்தை அடுத்த தோ உப்பங்கழியில் ஆளிச் சிப்பி வளர்க்கிறார்கள். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவாதலால், சிப்பிக் குஞ்சுகளைச் சிமெண்டால் கயிற்றில் ஒட்டி நீரில் தொங்கவிடுவது அவர்கள் முறை. பூசீக் என்ற கரையோர ஊரின் பெயரிலேயே அந்தச் சிப்பி விலை போகிறது. அதே கழியைப் பார்த்த சரிவுகளில் பிக்பூல் என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. உதட்டைக் கொட்டுவது என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அவ்வளவு புளிப்பு. உப்புச் சுவையுள்ள சிப்பிக்கு எலுமிச்சை பிழிவதற்குப் பதில் இந்த ஒயினே அந்த வேலையைச் செய்கிறது. 1995-இல் அவ்வட்டாரத்தார் தமக்கெனப் பொதுவான பச்சைப் புட்டி ஒன்றை வடிவமைத்துக்கொண்டார்கள். 2013-இல் பிக்பூல் தெ பினே தனி ஊர்ப் பெயர்த் தகுதி பெற்றது. சிப்பி விற்பவர் ஒயினைச் சொல்கிறார், ஒயின் விற்பவர் சிப்பியைச் சொல்கிறார்.

உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு எதிர்மாறாக இனிப்பு ஒயின். தெற்கே பன்யூல்சும், கடலோர ஃப்ரோந்தினியானின் மஸ்கட்டும் அதற்குப் பேர்போனவை. ரோக்ஃபோர் பெயரைக் காக்க 1925-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒரு ஊர்ப் பெயர் அடுத்த ஊர்ப் பெயரைக் கைதூக்கி விடுகிறது.

இங்கேதான் சில்லறை வணிகனின் இடம் இருக்கிறது என்பது நம் கருத்து. பிரான்சிலும் வீட்டுக்கு வாங்கும் ஒயினில் பெரும்பகுதியைப் பெரிய அங்காடிகளே விற்கின்றன. விலையில் அவர்களோடு சிறு கடைக்காரர் மோத முடியாது. ஆனாலும் அங்கே ஒயின் கடைக்காரர் என்ற சிறு வணிகர் கூட்டம் அழியாமல் நிற்கிறது. காரணம், அவர் வாடிக்கையாளரிடம் முதலில் "இன்று வீட்டில் என்ன சமையல்?" என்று கேட்கிறார். பதிலைக் கேட்ட பிறகே புட்டியை எடுக்கிறார். அலமாரி பேசாது. கடைக்காரர் பேசுவார்.

மறுப்பும் விடையும்

இவ்வளவு சொன்ன நாம் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஊர்ப் பெயர்ச் சட்டம் என்றால் விதி, பதிவு, சோதனை, கட்டணம். சிறியவர்களுக்கு அது சுமை. லாங்கெடாக்கிலேயே விதிக்குள் அடங்க மறுத்து வென்றவர்கள் உண்டு. அனியான் என்ற ஊரில் ஏமே கிபேர் என்பவர், அவ்வட்டாரத்துக்கு விதிக்கப்படாத கபர்நே திராட்சையை நட்டு, தகுதியில் தாழ்ந்த வகுப்பின் பெயரிலேயே தம் மாஸ் தெ தோமா கசாக் ஒயினை விற்று, உயர்ந்த விலை பெற்றார். 1978-ஆம் ஆண்டு அறுவடையே அதன் முதல் ஒயின். முத்திரை மட்டுமே தரமாகாது என்பது உண்மை.

ஆனால் அவரும் பொய்ப் பெயர் போட்டு விற்கவில்லை. உள்ளது எதுவோ அதைச் சீட்டில் எழுதி விற்றார். முத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதில் இரு கருத்து இருக்கலாம். பெயருக்கும் சரக்குக்கும் பொருத்தம் வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

பெயர் காத்தாலும் கவலை தீர்ந்துவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதியும் இல்லை. உடல்நலத்துக்கு அது நல்லதே என்றாலும், விளைவிப்பவருக்கு இடி. அரசு பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொல்லும் நிலை வந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று கொர்பியேரில் ரிபோத் ஊர்ப் பக்கம் பற்றிய தீ, 15,000 ஹெக்டேருக்கு மேல் எரித்துச் சென்றது. திராட்சைத் தோட்டம் இருந்த இடங்களில் தீ தடைபட்டதென்றும், கொடி பிடுங்கித் தரிசாய் விட்ட இடங்களில் எளிதாகத் தாவியதென்றும் அவ்வூரார் சொன்னார்கள். ஒரு சரக்கின் வியாபாரம் படுத்தால் கல்லா மட்டும் காலியாவதில்லை, ஊரின் வேலியே போய்விடுகிறது.

நமக்கு என்ன?

1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் அறிவுச்சொத்து ஒப்பந்தம் எல்லாச் சரக்குகளின் ஊர்ப் பெயருக்கும் பொதுக் காப்பு தந்தது. ஆனால் ஒயினுக்கும் சாராய வகைகளுக்கும் மட்டும் கூடுதல் காப்பு. 'இன்ன ஊர் மாதிரி' என்று எழுதி விற்பதுகூட அவற்றில் கூடாது. அந்தக் கூடுதல் காப்பு மற்ற சரக்குகளுக்கும் வேண்டும் என்று வாதாடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. திராட்சைக்கு ஒரு நியாயம், தேயிலைக்கும் அரிசிக்கும் ஒரு நியாயமா?

நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் அமலுக்கு வந்தது. ஈரோடு மஞ்சளும் திருவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும், மணப்பாறை முறுக்கு 2023-லும் பதிவு பெற்றன. இவை நம் கடை அலமாரியில் தினமும் இருக்கும் சரக்குகள். எங்கோ செய்த மிட்டாய்க்குக் கோவில்பட்டிச் சீட்டு ஒட்டி வந்தால், செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். 'தெரியாது' என்பது போதாது. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட வேண்டும். ஆகவே கொள்முதல் பில் இல்லாமல் ஊர்ப் பெயர்ச் சரக்கை உள்ளே விடாதீர்கள்.

1907 செப்டம்பரில் நார்பொனில் திராட்சை விவசாயிகள் தமக்கென ஒரு பெருஞ்சங்கம் அமைத்தார்கள். ஃபெரூலே அதன் முதல் தலைவர். அரசு வந்து கலப்படத்தைப் பிடிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சங்கச் செலவில் தாங்களே ஆள் வைத்துக் கலப்படக்காரர்களைத் தேடிப் பிடித்து வழக்கு மன்றத்தில் நிறுத்தினார்கள். நம் சங்கங்கள் வரிக்கும் உரிமத்துக்கும் குரல் கொடுப்பது சரியே. அதே குரல், நம்மிடையே ஊர்ப் பெயரைத் திருடி விற்பவருக்கு எதிராகவும் எழ வேண்டும். அடையாளம் தெரிந்தும் அவருக்காகப் பரிந்து பேசப் போகும் வழக்கத்தை இன்றே விட வேண்டும்.

கடையைத் திறந்ததும் கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாம், அதில் கிடக்கும் பணத்தை மட்டுமே முதல் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கோ ஓர் ஊரில் நாலு தலைமுறை உழைத்துச் சேர்த்த பெயரும் சரக்கோடு சேர்ந்து நம் கடைக்குள் வந்திருக்கிறது. அதை அவர்கள் நம்மிடம் கடனாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய கடனைக் குறையாமல் திருப்புவது வணிகனின் முறை.